அக்காவுக்குப் பாதி ஊசி

காமயகவுண்டன்பட்டி
6.7.2025

அன்புள்ள மருமகள் ஹேமாவதிக்கு உன் தாய்மாமன் ஒச்சாண்டி எழுதுவது.

இதெல்லாம் நடக்கும் என்று முன்னாலேயே சொன்னவன் நான். இப்படி ஓர் ஊசி வரும் என்றேன், வந்தது. அதற்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்றேன், கூப்பிட்டார்கள். உன் அம்மா இளைப்பாள் என்றேன், இளைத்துவிட்டாள். நேற்று அதைச் சொல்லத்தான் உனக்குப் போன் போட்டேன். "பாரு, பாதியிலேயே வெட்டிருவா" என்று உன் அத்தை நாகஜோதியிடம் சொல்லிவிட்டுத்தான் போட்டேன். வெட்டினாய். அதுவும் பலித்தது.

போனை வெட்டியவளுக்கு இனி என் போன் கிடையாது. நீ கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேன். கடிதம் என்றால் நடுவில் வெட்ட வழியில்லை, கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

நீ கோயம்புத்தூரில் மருந்துக் கிடங்கில் வேலை பார்க்கிறவள். ஆனாலும் இந்த மருந்தை நீ பார்த்திருக்க முடியாது. கடைக்கே இன்னும் வராத மருந்து. மதுரை ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சிக்காகப் போட்டுப் பார்க்கிறார்கள். வாரம் ஒரு ஊசி, வயிற்றில். பேனா மாதிரி இருக்கும், வீட்டுக்கே கொடுத்தனுப்புவார்கள். அதற்குள் இரண்டு ஹார்மோன். ஒன்று பசியை அமர்த்தும், இன்னொன்று சேர்த்து வைத்த கொழுப்பைக் கரைக்கும். சர்க்கரை, கல்லீரல் எல்லாவற்றுக்கும் நல்லதா என்று பார்க்கிறார்களாம். டாக்டரம்மா விளக்க ஆரம்பித்ததும் நானே மீதியைச் சொல்லிவிட்டேன். ஓடைப்பட்டிப் பக்கம் விதையில்லாத் திராட்சைக் கொத்தை ஹார்மோன் தண்ணீரில் முக்கி எடுக்கிறோமே, அதில் நான் பார்க்காத ஹார்மோனா? "கொத்துக்கு ஒண்ணு, பழத்துக்கு ஒண்ணு. மனுசனுக்கும் ரெண்டாத்தான் வரும்" என்று நாகராஜ் டீக்கடையில் பத்து வருசத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்கிறேன். டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் தண்ணி ஊசியாம். யாருக்கு எது என்று கொடுக்கிறவர்களுக்கே தெரியாதாம். எனக்குத் தெரியும். போட்ட அன்றைக்கே இரண்டு ஹார்மோனும் உள்ளே இறங்கி ஒன்றையொன்று நலம் விசாரித்துக்கொண்டது எனக்குக் கேட்டது. இதுவரை பதினோரு கிலோ இறங்கிவிட்டேன். பெல்ட்டில் புது ஓட்டை போட்டிருக்கிறேன்.

விசயத்துக்கு வருகிறேன். போன வாரம் இங்கே ஒரு காதுகுத்து. வடுகபட்டியிலிருந்து உன் அம்மா வந்தாள். மண்டபமே திரும்பிப் பார்த்தது. "அடியாத்தே, மொக்கம்மாளா இது, பாதியா வந்திருக்காக" என்று பொம்பளைகள் எல்லாம் சுற்றிக்கொண்டார்கள். முழங்கால் ஆபரேசனுக்கு முதலில் எடையைக் குறை என்று டாக்டர்கள் எத்தனை வருசமாக அவளைத் திட்டினார்கள். குறைத்தது யார்? உன் மாமன். என் ஊசியில் பாதி எனக்கு, பாதி என் அக்காவுக்கு. சபையில் அதைச் சொன்னேன். கை தட்டாதது ஒன்றுதான் குறை.

இதைத்தான் நேற்று சொல்ல வந்தேன்.

இப்படிக்கு,
ஒச்சாண்டி

•

கோயம்புத்தூர்
10.7.2025

மாமா,

போனை எடுங்கள். இதைக் கடிதத்தில் பேசும் அளவுக்கு எனக்குப் பொறுமை இல்லை.

எடுக்க மாட்டீர்கள் என்பதால் கேட்கிறேன். அம்மாவுக்கு அந்த ஊசியை எப்போதிலிருந்து போடுகிறீர்கள்? எவ்வளவு? அம்மா சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்பது உங்களுக்குத் தெரியும். அதோடு இதுவும் சேர்ந்து சர்க்கரை தாழ்ந்து எங்காவது விழுந்தால் யார் தூக்குவது? அந்த வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார்.

"பாதி எனக்குப் பாதி அக்காவுக்கு" என்றால் ஒரே ஊசி முனையா? சத்தியமாக ஒரே முனையா, மாமா?

அது ஆராய்ச்சி மருந்து. உங்கள் உடம்பைச் சோதித்து உங்களுக்கு மட்டும் கொடுத்தது. திராட்சைக் கொத்தோடு அதற்கு ஒரு சம்பந்தமும் இல்லை. இன்னொருத்தருக்குக் கொடுக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். படித்தீர்களா?

அம்மாவிடம் கேட்டேன். "உங்க மாமாகிட்டயே கேட்டுக்க" என்று வைத்துவிட்டார்.

பதினோரு கிலோ பற்றி அத்தையிடமும் கேட்டேன். நீங்கள் இரண்டு கிலோ ஏறியிருக்கிறீர்களாம். பெல்ட்டில் புது ஓட்டை போட்டது உண்மைதானாம், ஆனால் நுனிப் பக்கமாம்.

ஹேமா

•

காமயகவுண்டன்பட்டி
15.7.2025

ஆத்தா ஹேமாவதிக்கு,

உன் அத்தை வீட்டுத் தராசில் என்னை நிறுத்திப் பார்த்திருக்கிறாள். அது மிளகாய் நிறுக்கிற தராசு. மனுசனுக்குச் சரியாகக் காட்டாது.

நீ கேட்டவற்றுக்கு எல்லாம் பதில் இருக்கிறது. ஒரே முனை இல்லை. ஒரு வாரம் எனக்கு, மறு வாரம் அவளுக்கு. அவள் முறை வருகிற சனிக்கிழமை பேனாவைச் சோற்றுத் தூக்கில் ஐஸ் போட்டு வைத்து, கம்பத்தில் பஸ் ஏறி, தேனியில் மாறி, வடுகபட்டியில் போய் இறங்குவேன். கண்டக்டர் கேட்டால் மீன் என்று சொல்வேன். டாக்டரம்மாவுக்கும் தெரியும். நான் ரகசியமாகச் செய்கிற ஆளா? நேராகவே கேட்டேன். "உங்க அக்காவா? ஒரே ரத்தந்தானே, போடுங்க" என்று அவுகளே சொன்னாக.

கொடுக்காமல் எப்படி இருப்பது, சொல். திராட்சை முதல் வெட்டில் ஒரு பெட்டி வடுகபட்டிக்குப் போகாமல் என் தோட்டத்திலிருந்து ஒரு லாரி கிளம்பியதில்லை. ஆட்டுக்கால் வாங்கினாலும் இரண்டு கால் அவளுக்கு. வியாபாரிக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். ஊசி என்று வந்ததும் அக்காவை மறந்துவிட்டான் ஒச்சாண்டி என்று நாளைக்கு ஒருத்தன் சொன்னால் நீ வந்து பதில் சொல்வாயா?

ஊரில் இப்போது எனக்கு இருக்கிற மரியாதை உனக்குத் தெரியாது. நாகராஜ்தான் வழக்கம் போல. "ஏலே ஒச்சாண்டி, ஊசி போட்ட நீ உரல் மாதிரி அப்படியே இருக்க. மீதி வாங்குன அக்கா நூலா இருக்காக. எங்களுக்கும் அந்த மீதியவே குடு" என்கிறான். அவன் டீயில் எப்போது சர்க்கரை சரியாக இருந்தது?

மாமன்

•

கோயம்புத்தூர்
22.7.2025

மாமா,

முதல் கடிதத்தில் பாதிப் பாதி. இரண்டாம் கடிதத்தில் வாரம் விட்டு வாரம். அடுத்ததில் சொட்டுச் சொட்டாக இருக்குமா?

நான் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்துவிட்டேன். மூன்று நாள் யோசித்தேன். உங்களைக் காட்டிக்கொடுப்பதாகத்தான் இருந்தது. ஆனால் அம்மாவின் உடம்பில் என்ன இருக்கிறது என்று யாருக்காவது தெரிய வேண்டும். அந்த டாக்டர் அதிர்ந்துபோய்விட்டார். அப்படி யாரும் தன்னிடம் கேட்கவில்லை, தான் சொல்லவும் இல்லை என்றார். "ஒரே ரத்தந்தானே" என்று எந்த டாக்டர் பேசுவார், மாமா?

உங்களை வரச் சொல்வார்கள். போய் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். ஆராய்ச்சியிலிருந்து உங்களை நிறுத்தினாலும் நிறுத்துவார்கள். அதற்கு என்னைத் திட்டிக்கொள்ளுங்கள்.

அம்மா ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டார் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். அம்மா ஒன்றும் சொல்வதில்லை. அது தெரிந்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை.

ஹேமா

•

காமயகவுண்டன்பட்டி
2.8.2025

திருமதி ஹேமாவதி அவர்களுக்கு,

மாமனை மாட்டிவிட்ட மருமகளுக்கு மரியாதையாகவே எழுதுகிறேன்.

மதுரைக்குப் போனேன், கூட வந்த உன் அத்தை வெளியே உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்கள். "ஒச்சாண்டி ஐயா, உண்மையச் சொல்லுங்க. ஊசியை வேற யாருக்கும் குடுத்தீங்களா?"

உன் மாமன் தலையைக் குனியவில்லை. "குடுத்தேன். என் அக்காவுக்குக் குடுத்தேன்" என்றேன்.

"இது ஆராய்ச்சி ஐயா. அன்னதானம் இல்ல."

"அக்காவுக்குக் குடுக்கிறதுக்குப் பேரு தானமா?" என்று கேட்டேன். அறையே வாயடைத்துப் போனது. அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம் என்றாலும் வாயடைத்ததை வெளியிலிருந்த நர்சுகளும் உணர்ந்தார்கள்.

நிறுத்திவிட்டார்கள். மிச்சமிருந்த பேனாக்களை வாங்கிக்கொண்டார்கள். மாதம் ஒரு தடவை ரத்தம் பார்த்து, கல்லீரலை ஸ்கேன் எடுத்து, "எப்படி இருக்கீங்க ஐயா" என்று கேட்டார்களே, அதெல்லாம் போயிற்று. நான் இல்லாமல் அந்த ஆராய்ச்சி எப்படி முடியும் என்று எனக்கு விளங்கவில்லை. ஆரப்பாளையத்தில் பஸ் ஏறுகிற வரைக்கும் நானே என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. உன் அத்தை மட்டும் பேசினாள். அதை இங்கே எழுத முடியாது.

உன் அம்மாவைப் பார்க்க நேற்றுப் போயிருந்தேன். பூண்டு மண்டி வேலைக்கு இப்போது போவதில்லை. கட்டிலில்தான் இருக்கிறாள். இட்லி ஒன்றைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டிருந்தாள். தின்றால் குமட்டுகிறதாம். நீ பயப்படாதே. டாக்டரம்மா எனக்கு முதல் நாளே சொன்னார்கள், பசி அடங்கும், சிலருக்குக் குமட்டும் என்று. சொன்னது சொன்னபடி நடக்கிறது. எல்லாம் ஊசியின் வேலை.

ஒச்சாண்டி

•

வடுகபட்டி
27.8.2025

மாமா,

லீவு போட்டு வந்து அம்மாவோடு இருக்கிறேன். இங்கிருந்து எழுதுகிறேன்.

நேற்று உங்கள் வீட்டுக்கு வந்தேன். அத்தை, "தோட்டத்துக்குப் போயிருக்காக" என்றார். தோட்டத்துக்குப் போனால், "இப்பத்தான் வீட்டுக்குப் போனாக" என்றார்கள். திரும்பி வந்தால் கம்பத்துக்குப் போய்விட்டீர்களாம். ஐம்பத்தேழு வயதில் என்னோடு கண்ணாமூச்சி ஆடுகிறீர்கள்.

அம்மாவின் ஜாக்கெட் தோளில் நிற்கவில்லை, ஊக்கு குத்தியிருக்கிறது. கன்னம் உள்ளே போய்விட்டது. தண்ணீர் குடித்தால்கூட நடு நெஞ்சில் நிற்கிறது என்று இன்றைக்குத்தான் வாயைத் திறந்து சொன்னார். நான் அழுததற்கு அப்புறம்.

தேனியில் வயிற்று டாக்டரிடம் காட்டினேன். எண்டோஸ்கோப்பி எடுத்து உள்ளே பார்க்க வேண்டும் என்று முதலில் சொன்னார். பிறகு வேறு ஏதாவது மருந்து உண்டா என்று கேட்டார். உங்கள் ஊசியைச் சொன்னேன். சீட்டு எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்த மாதிரி மருந்து போட்டவர்களுக்குச் சாப்பிட்டது வயிற்றிலேயே தங்குமாம், மயக்கம் கொடுத்தால் மேலே ஏறி நுரையீரலுக்குப் போகலாமாம். அதுவும் இன்னும் சோதனையிலேயே இருக்கிற மருந்து, உடம்பில் எவ்வளவு நாள் நிற்கும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். "பசியில்லாதது, குமட்டல், எடை குறைஞ்சது எல்லாமே அந்த ஊசியோட வேலையாவும் இருக்கலாம். மருந்து உடம்பை விட்டு முழுசாப் போகட்டும், அதுக்கப்புறம் பார்ப்போம்" என்று அனுப்பிவிட்டார்.

"போடவே இல்லைன்னா?" என்று கேட்டேன்.

"போடவே இல்லைன்னா இன்னைக்கே பார்க்கணும்மா. நான் ஒரு நாளும் தள்ள மாட்டேன்" என்றார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம் ஊரில் சாப்பாடு இறங்காமல் இளைத்தவர்களை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள்.

மதுரைக்கும் மறுபடி பேசினேன். அந்தப் பேனாவில் பாதி போட முடியாதாம், அமுக்கினால் முழுதும் இறங்கிவிடுமாம். ஆக, பாதிப் பாதி என்பது பொய். வாரம் விட்டு வாரம் போட்டிருக்க முடியுமா என்று கேட்டேன். முடியும் என்கிறார்கள். கடைசியில் மிச்சமிருந்தவை போக, நீங்கள் மாதாமாதம் திருப்பிக் கொடுத்ததெல்லாம் காலிப் பேனாக்கள். யார் வயிற்றில் காலியானது என்று பேனா சொல்லாது. நீங்கள் சொன்னால்தான் உண்டு.

அம்மாவிடம் எப்படி எப்படியோ கேட்டுவிட்டேன். "மாமா ஊசி போட்டாரா, இல்லையா? ஒரு வார்த்தை சொல்லும்மா."

"என் தம்பி சபையில ஒண்ணு சொன்னான்னா அதுதான்."

"அது நிஜமாம்மா?"

"அவன் நாலு பேருக்கு முன்னால சொல்லிட்டான். நான் இல்லைன்னா அவன் மூஞ்சிய எங்க கொண்டு வைப்பான்? விடுடி."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். உங்கள் மூஞ்சியைக் காப்பாற்ற அவர் தன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறார், மாமா.

ஊசி போட்டீர்களா, இல்லையா? இல்லை என்றால் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், டாக்டர் கையில் கொடுக்கிறேன். போனில் வேண்டாம். போனில் சொன்னால் அதற்குள் ஒரு கண்டக்டரும் இரண்டு நர்சுகளும் வந்துவிடுவார்கள். நீங்கள் முன்கூட்டியே சொன்னது எதுவும் எனக்கு வேண்டாம். நடந்தது மட்டும் வேண்டும்.

பக்கத்து வீட்டு ஜோதிகா கம்பம் போகிறாள். அவளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் கிடைக்கும் வரை உங்கள் வாசலிலேயே உட்காரச் சொல்லியிருக்கிறேன்.

ஹேமா

•

காமயகவுண்டன்பட்டி
28.8.2025

ஹேமாவதிக்கு,

அந்தப் பிள்ளை வாசலில் உட்கார்ந்திருக்கிறது. உன் அத்தை அதற்குக் காபி கொடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை. உன் கடிதத்தை அவளும் வாங்கிப் படித்துவிட்டாள். "எழுதுறீகளா, இல்ல நான் எழுதவா?" என்று பக்கத்திலேயே நிற்கிறாள்.

காதுகுத்து அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். பந்தியில் நாகராஜ் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஒச்சாண்டிக்குப் போடுறது தண்ணி ஊசிடா, மதுரைக்காரன் இவன் வயித்துக்குத் தண்ணி பாய்ச்சுறான்" என்றான். பந்தியே சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட முடியவில்லை. மாதக்கணக்காக ஊசி போட்டு ஒரு கிலோகூட எனக்கு இறங்கவில்லை, தண்ணி ஊசியாகத்தான் இருக்கும் என்று எனக்கும் அப்போதே தோன்றியிருந்தது. அந்த நேரத்தில் உன் அம்மா உள்ளே வந்தாள். பொம்பளைகள் சுற்றிக்கொண்டு, "என்ன மதினி, இப்படி இளைச்சுட்டீக?" என்று கேட்டார்கள்.

அவள் சொல்லத்தான் வந்தாள். "என்னத்தச் சொல்ல, ரெண்டு மாசமா..." என்று ஆரம்பித்தாள். என் காதில் விழுந்தது. நான் குறுக்கே புகுந்து, "நான் போட்ட ஊசிதான், என்னோடதுல பாதி" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். அக்கா என்னை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் சிரித்துக்கொண்டு, "ஆமா, தம்பி புண்ணியம்" என்றாள். நாகராஜ் வாயை மூடினான். அவளும் மூடிக்கொண்டாள். அன்றைக்கு அவள் சொல்லி முடித்திருந்தால் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருப்போம்.

அதற்கப்புறம் உன்னிடம் மாற்ற முடியவில்லை. மதுரையில் மாற்றியிருக்கலாம். டாக்டரம்மா கேட்டபோது, இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்னை நிறுத்தியிருக்க மாட்டார்கள். சபையில் சொன்னது பொய் என்று ஊருக்குத் தெரிந்துவிடுமே என்றுதான் சொல்லவில்லை.

காலையில் உன் அம்மாவுக்குப் போன் போட்டேன். "எழுதிக் குடுத்துர்றேன்க்கா" என்றேன். "குடுத்தா நாகராஜு உன்னைச் சும்மா விடுவானாடா?" என்று கேட்டாள். பேச்சு மெதுவாகத்தான் வருகிறது அவளுக்கு.

கீழே இருப்பதை டாக்டரிடம் கொடு. நான் அடுத்த பஸ்ஸில் வருகிறேன். நேரிலும் சொல்கிறேன்.

காமயகவுண்டன்பட்டி ஒச்சாண்டி ஆகிய நான் எழுதிக் கொடுப்பது. ஆராய்ச்சி ஊசி எல்லாவற்றையும் நானே போட்டுக்கொண்டேன். பஸ்ஸில் கொண்டுபோனது, ஐஸ் வைத்தது, டாக்டர் சரி என்றது, எதுவும் நடக்கவில்லை. என் அக்கா மொக்கம்மாளுக்கு ஒரு ஊசிகூட நான் போடவில்லை, அது நானாகக் கட்டிச் சொன்னது. அவள் எதனால் இளைக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

ஒச்சாண்டி